நூறு கைவேலையும் 120 மீட்டர் காகிதக் கயிறும்

வீட்டு அலங்காரப் படங்களை இன்ஸ்டாகிராமிலோ பின்ட்ரெஸ்டிலோ மேய்பவர் என்றால் இந்த நாற்காலி கட்டாயம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும், பெயர் மட்டும் தெரிந்திருக்காது. நான்கு மரக்கால்கள். மேலே அரைவட்டமாக வளைந்த ஒரே கட்டை. முதுகுக்குச் சாய்மானமும் அதுதான், கைக்குப் பிடியும் அதுதான். முதுகின் நடுவில் ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் ஒரு பட்டை. உட்காரும் இடத்தில் வெளிர் பழுப்பு நிறக் கயிற்றுப் பின்னல். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு போட்டிருப்பார்கள், ஓரமாக ஒரு தொட்டிச் செடி நிற்கும்.

இதன் அதிகாரபூர்வப் பெயர் சிஎச் 24. ஒய் நாற்காலி, விஷ்போன் நாற்காலி என்றும் சொல்வார்கள். வடிவமைத்தவர் ஹான்ஸ் வெக்னர், ஆண்டு 1949. செய்வது டென்மார்க்கின் கார்ல் ஹான்சன் அண்ட் சன் நிறுவனம். 1950-இல் தொடங்கிய உற்பத்தி இன்றுவரை தொடர்கிறது.

நார்டிக் நாடுகளின் மரச்சாமான்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே பாரம்பரியம், கைத்திறன் என்ற இரண்டு சொற்கள் வந்துவிடும். விளம்பரத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய சொற்கள் இவை. இவற்றுக்குப் பின்னால் உருப்படியாக என்ன இருக்கிறது என்பதை இந்த ஒரு நிறுவனத்தையும், பெரும்பாலும் இந்த ஒரு நாற்காலியையும் வைத்தே பார்த்துவிடலாம். மரவேலை தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. என் கருத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றையும் கையாலேயே செய்வதால் வந்த பெயர் இல்லை இது. எந்த வேலையை இயந்திரத்திடம் விடலாம், எந்த வேலையைக் கை விடவே கூடாது என்று பிரிக்கத் தெரிந்ததால் வந்த பெயர்.

ஓடன்சேயில் ஒரு பட்டறை

டென்மார்க்கின் நடுவே ஃபியூனன் என்றொரு பெரிய தீவு. அதன் முக்கிய நகரம் ஓடன்சே. குட்டிக் கடற்கன்னி கதை எழுதிய ஆண்டர்சன் பிறந்த ஊர் என்றால் சிலருக்கு ஞாபகம் வரும். அங்கே 1908-இல் கார்ல் ஹான்சன் என்ற தச்சர் சொந்தமாகப் பட்டறை போட்டார். மர அலமாரி, மேஜை, நாற்காலி என்று வீட்டுச் சாமான் செய்வதையே தனித் தொழிலாகக் கற்ற தச்சர் அவர். கூரை போடும் தச்சரும் இவரும் ஒன்றில்லை. ஐரோப்பாவில் இரண்டும் வேறு வேறு தொழில், வேறு வேறு பயிற்சி.

முதல் கால் நூற்றாண்டில் அந்தப் பட்டறை செய்தது அந்தக் காலத்து நடுத்தர வீடுகள் கேட்ட வழக்கமான சாமான்களைத்தான். நல்ல வேலை, ஆனால் இன்றைக்கு யாரும் படம் எடுத்துப் போடும் அளவுக்கு ஒன்றும் இல்லை. திருப்பம் மகன் காலத்தில் வந்தது. 1930-களில் பொறுப்புக்கு வந்த ஹோல்கர் ஹான்சனும் முறையாகத் தச்சு கற்றவர்தான். கூடவே வியாபாரக் கண்ணும் இருந்தது. எய்விண்ட் கோல்ட் கிறிஸ்டென்சன் என்ற விற்பனையாளர் ஒருவர், அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்த வெக்னரைப் பார்க்கச் சொன்னார். 1949-இல் வெக்னர் இந்தப் பட்டறைக்கென்றே சில நாற்காலிகளை வரைந்து கொடுத்தார். சிஎச் 22, 23, 24, 25 என்று எண்கள் வரிசையாகப் போவது அதனால்தான். சிஎச் என்பது கார்ல் ஹான்சனின் முதலெழுத்துகள்.

அதே விற்பனையாளர் 1951-இல் இன்னொரு வேலையும் செய்தார். வெக்னருக்காகச் சாமான் செய்துகொண்டிருந்த ஐந்து பட்டறைகளை ஒன்றாகச் சேர்த்து, சேல்ஸ்கோ என்ற பொது விற்பனை அமைப்பை உண்டாக்கினார். ஒருவர் நாற்காலி, ஒருவர் மேஜை, ஒருவர் அலமாரி, இன்னும் இருவர் மெத்தை வைத்த சோபா வகைகள். யாரும் அடுத்தவர் வேலையில் கை வைப்பதில்லை. வாங்குபவருக்கோ ஒரே மனிதர் வரைந்த முழு வீட்டுச் சாமானும் ஒரே இடத்தில் கிடைத்தது. டேனிஷ் மரச்சாமான் ஐம்பதுகளில் அமெரிக்காவரை போனதற்கு அழகு ஒரு காரணம் என்றால், இப்படிப்பட்ட கணக்குப் புத்தி இன்னொரு காரணம். கலை வரலாறு எழுதுபவர்கள் இதை ஏனோ ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

ஹோல்கர் 1962-இல் இறந்தார். அவர் மனைவி எல்லா ஹான்சன் நிறுவனத்தை எடுத்து நடத்தினார். பிறகு 1988-இலிருந்து ஒரு மகன், 2002-இலிருந்து இன்னொரு மகன். இப்போது தொழிற்சாலை அதே தீவில் கெல்ஸ்டெட் என்ற ஊரில் இருக்கிறது.

அளந்து பார்த்த தலைமுறை

ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தினால் மட்டும் பாரம்பரியம் வந்துவிடாது. டென்மார்க்கில் வேறொன்று நடந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: 1924, 1927.

1924-இல் கோபன்ஹேகன் அரச கலைக் கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்கென்று ஒரு பிரிவு தொடங்கியது. அதன் ஆசிரியர் கோரே கிளிண்ட். இவர் மாணவர்களிடம் முதலில் புதிதாக எதையும் வரையச் சொல்ல மாட்டார், அளக்கச் சொல்வார். மனித உடம்பை அளப்பார்கள். ஒரு வீட்டில் எத்தனை தட்டு, எத்தனை கரண்டி, மடித்த சட்டை எத்தனை அங்குலம் என்று அளப்பார்கள், ஏனென்றால் அலமாரி அதற்குத்தான். அப்புறம் பழைய நல்ல சாமான்களை அளப்பார்கள். ஆங்கிலேய நாற்காலி, சீன நாற்காலி, அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் செய்த எளிய சாமான்கள். நூற்றாண்டுகளாக நிலைத்த வடிவத்தில் ஏதோ ஒரு நியாயம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டு வேண்டாததைக் கழி என்பதுதான் பாடம். அதே காலத்தில் ஜெர்மனியின் பவ்ஹவுஸ் பள்ளி பழையதை ஓரம் கட்டிவிட்டு எஃகுக் குழாயில் நாற்காலி வளைத்துக்கொண்டிருந்தது என்பதை ஞாபகம் வைத்தால், கிளிண்ட் எவ்வளவு வேறான வழியில் போனார் என்பது புரியும்.

1927-இல் கோபன்ஹேகன் தச்சர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி வைக்கத் தொடங்கியது. தொழிற்சாலைச் சாமான்கள் மலிவாக வந்து குவிந்ததில் பட்டறைக்காரர்களுக்குப் பயம். வடிவமைப்பாளரும் தச்சரும் ஜோடி சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்து வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்ப்பார்கள், பத்திரிகைகள் விமர்சிக்கும். 1966 வரை இது நடந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், ஆண்டுதோறும், வரைபவரும் செய்பவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள். டேனிஷ் பாணி என்று இன்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தச் சண்டைகளில் உருவானதுதான் என்பேன்.

வெக்னர் அந்தச் சண்டையின் இரண்டு பக்கமும் தெரிந்தவர். 1914-இல் ஜெர்மன் எல்லையை ஒட்டிய டொண்டர் ஊரில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பதினான்கு வயதிலேயே உள்ளூர்த் தச்சரிடம் வேலை கற்கச் சேர்ந்துவிட்டார். கலைப் பள்ளிக்குப் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே காகிதத்தில் ஒரு வளைவு போடும்போதே, இந்த வளைவுக்கு மரம் ஒத்துக்கொள்ளுமா, எந்த இடத்தில் பிளக்கும், மூட்டு எங்கே வந்தால் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். வாழ்நாளில் ஐந்நூறுக்கு மேல் நாற்காலி வடிவங்கள் வரைந்தார், 2007-இல் காலமானார்.

ஒய் நாற்காலி வந்த வழியில் கிளிண்டின் பாடம் அப்படியே தெரிகிறது. சீனாவின் மிங் காலத்து நாற்காலிகளில் முதுகும் கையும் ஒரே வளைவாக இருக்கும், நடுவில் செங்குத்தாக ஒரு பட்டை நிற்கும். அதைப் பார்த்து வெக்னர் 1944-இல் சீன நாற்காலி என்றே பெயர் வைத்து ஒன்றை வரைந்தார். பிறகு அடுத்தடுத்த வடிவங்களில் கழித்துக்கொண்டே வந்தார். ஐந்து ஆண்டு கழித்து மிஞ்சியது அந்த வளைவும், அதைத் தாங்கும் பட்டையும். பட்டை மேலே இரண்டாகப் பிரிந்ததால் ஒய் ஆனது. பிரிவு வெறும் அழகுக்காக வந்தது இல்லை: வளைந்த கட்டையை ஓர் இடத்தில் பிடிப்பதற்குப் பதிலாக இரண்டு இடத்தில் பிடிக்கிறது.

ஒரே ஆண்டு, ஒரே ஆள், இரண்டு நாற்காலி

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று. அதே 1949-இல் வெக்னர் இன்னொரு நாற்காலியும் வரைந்தார், வட்ட நாற்காலி. இதைச் செய்தவர் கோபன்ஹேகனின் யோஹானஸ் ஹான்சன். பெயர் ஒத்துப்போனாலும் ஓடன்சே பட்டறை வேறு, இது வேறு. 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தபோது மேடையில் போட்டிருந்தது இந்த நாற்காலிதான்.

வட்ட நாற்காலியின் முதுகும் கையும் சேர்ந்த வளைவு, வளைத்த மரம் இல்லை. பருமனான கட்டைத் துண்டுகளை இணைத்து, பிறகு செதுக்கிச் செதுக்கி வளைவாக்கியது. அந்த இணைப்பு அழகாக இல்லை என்று முதலில் அதன்மேல் பிரம்பைச் சுற்றி மறைத்தார்கள். சீக்கிரமே வெக்னர் மனம் மாறினார். இரு துண்டுகளும் விரல் கோத்தபடி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வளைவுநெளிவான மூட்டு ஒன்றை அமைத்து, பிரம்பை எடுத்துவிட்டு, மூட்டை வெளியே தெரியும்படியே விட்டுவிட்டார். இப்போது அந்த நாற்காலியைப் பார்ப்பவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பதே அந்த மூட்டைத்தான். செய்யும் விதத்தை மறைக்காதே என்ற டேனிஷ் பழக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் இப்படிச் செதுக்க மரமும் அதிகம் வேண்டும், கை பழகிய ஆளும் அதிக நேரமும் வேண்டும். யோஹானஸ் ஹான்சனிடம் சில தச்சர்கள் மட்டுமே வேலை செய்த சிறிய பட்டறை இருந்தது, அவருக்கு அது சரிப்பட்டது. ஓடன்சேயில் இருந்ததோ இயந்திரங்கள் போட்ட தொழிற்சாலை. அங்கே அதே வளைவை வேறு வழியில் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஒய் நாற்காலியில் மேல் கட்டையை ஆவியில் வேகவைத்து வளைத்தார்கள், பாகங்களை மெல்லிசாக்கினார்கள். ஒரே மனிதர், ஒரே ஆண்டில், இரண்டு வகைப் பட்டறைகளுக்கு இரண்டு விதமாக யோசித்திருக்கிறார். யாரிடம் என்ன வசதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் வரைவது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம்.

மரம் முதல் பின்னல் வரை

ஒய் நாற்காலியில் உள்ள மரப் பாகங்கள் பதினான்கு. ஒன்றைச் செய்து முடிக்க நூறுக்கு மேற்பட்ட வேலைப் படிகள், அவற்றில் பெரும்பாலானவை கையால் என்கிறது நிறுவனம். எல்லாவற்றையும் சொன்னால் உங்களுக்கும் அலுக்கும், எனக்கும் அலுக்கும். நான்கை மட்டும் பார்ப்போம்.

முதலில் மரம். ஓக், பீச், ஆஷ், வால்நட் ஆகியவை வழக்கமான மரங்கள். வெட்டிய மரத்தில் நீர் இருக்கும். அறுத்துப் பல மாதம் காயவைத்து, அப்புறம் சூளையில் பக்குவமாக உலர்த்த வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் எந்தத் தச்சராலும் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் மரம் செத்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், கக்கும். மழைக்காலத்தில் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு திறக்க மறுப்பதும், கோடையில் அதே கதவு ஆடுவதும் இதனால்தான். அதிலும் ஒரு சூட்சுமம்: ரேகை, அதாவது நார்கள் ஓடும் திசையில் மரம் நீள்வதோ குறுகுவதோ கிட்டத்தட்ட இல்லை, குறுக்கில்தான் எல்லாம். டென்மார்க்கில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் சூடேற்றி வைப்பார்கள், காற்று வறண்டுவிடும். சரியாக உலராத மரத்தில் செய்த நாற்காலி முதல் குளிர்காலத்திலேயே மூட்டு விட்டுவிடும். எந்தப் பலகையில் எந்தப் பாகத்தை எடுப்பது, முடிச்சு எங்கே, ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்த்துக் குறிப்பது அனுபவக் கண்ணின் வேலை.

இரண்டாவது, வளைப்பு. மரத்தின் நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டிலும் ஈரத்திலும் இளகும். ஆவியில் வெந்த கட்டை சில நிமிடங்களுக்கு மட்டும் வளைந்து கொடுக்கும். அதற்குள் அச்சில் வைத்து இழுத்துப் பூட்டிவிட வேண்டும். பிறகு அச்சிலேயே இறுகி உலர வேண்டும். வளைக்கும்போது உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். மரம் நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது, வெளிப்பக்கம்தான் பிளக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைக்கேல் டோனெட் என்பவர் கண்டுபிடித்த உபாயம், வெளிப்பக்கத்தில் ஓர் உலோகப் பட்டையை இறுகக் கட்டி வளைப்பது. பட்டை இழுப்பை வாங்கிக்கொள்ளும். மரம் வளைக்கும் பட்டறைகளின் அடிப்படைப் பாடம் அது. ஒய் நாற்காலியின் பின்கால்களும் இப்படி வளைத்தவை என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இல்லை. அவை பலகையிலிருந்து வளைவாக அறுத்து, பிறகு உருட்டி இழைத்தவை. தட்டையான பலகையில் எடுத்த வளைவைச் சற்றுத் திருப்பிப் பொருத்தியதும் கண்ணுக்கு முப்பரிமாண நெளிவாகத் தெரிகிறது. மரத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் கெட்டிக்காரத்தனம் இது.

மூன்றாவது, மூட்டு. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றின் முனையில் அந்தத் துளைக்குள் போய் உட்காரும் கழுந்து. உலகத் தச்சர் அனைவருக்கும் பொதுச் சொத்து இது. கழுந்து தளர்வாக இருந்தால் பசைதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும், பசை என்றாவது கைவிடும். இறுக்கம் அதிகமானால் அடித்து ஏற்றும்போது துளை பிளக்கும். இந்த நுணுக்கமான அளவைக் கணினி வழி நடத்தும் வெட்டு இயந்திரம் மனிதக் கையைவிட நன்றாகவே பிடிக்கிறது. ஆகவே கார்ல் ஹான்சன் தொழிற்சாலையில் அந்த வேலை இயந்திரத்திடம் போய்விட்டது. நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. ஆனால் இயந்திரம் விட்டுவைத்த விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று முடிவு செய்வது இன்னமும் ஆளின் வேலை. கைப்பிடி முனை எப்படி முடிய வேண்டும் என்பது எண்ணாக எழுதிக் கொடுக்கக்கூடியது இல்லையே.

நான்காவது, எனக்கு மிகப் பிடித்தது, இருக்கைப் பின்னல். பார்த்தால் சணல் மாதிரித் தெரியும், ஆனால் அது காகிதம். உறுதியான காகிதத்தைப் பட்டையாக வெட்டி, முறுக்கி, புரி சேர்த்துச் செய்த கயிறு. முன்பு இந்த இடத்தில் கடற்புல் கயிறு பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அது வருவது தடைப்பட்டபோது மாற்றாகக் காகிதக் கயிறு வந்தது. போர் முடிந்தும் போகவில்லை, ஏனென்றால் கடற்புல்லைவிட இது ஒரே பருமனாக, முடிச்சில்லாமல் கிடைத்தது. ஒரு ஒய் நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் பிடிக்கும். நன்றாகப் பழகிய ஒருவருக்கு ஒரு மணி நேர வேலை.

பின்னும் முறையைச் சொல்கிறேன், கவனித்தால் எளிது. நான்கு சட்டங்களால் ஆன ஒரு காலி இடம். கயிற்றை முன்சட்டத்தின் மேலே கொண்டுபோய் அடியில் சுற்றி நடுவழியாக மேலே எடுக்க வேண்டும். அங்கிருந்து இடப்பக்கச் சட்டத்தின் மேலே போட்டு, அடியில் சுற்றி, குறுக்கே வலப்பக்கம் போக வேண்டும். அங்கும் அதையே செய்ய வேண்டும். இப்படி ஒவ்வொரு மூலையிலும் நடக்கும்போது கயிறுகள் ஒன்றையொன்று கடக்கும் கோடு மூலையிலிருந்து நடுவை நோக்கிச் சாய்வாக வளர்கிறது. முடிவில் கடித உறையின் பின்பக்கத்தில் தெரிவதுபோல நான்கு முக்கோணங்கள். ஒரு சிக்கல் என்னவென்றால் இருக்கை சதுரமில்லை. முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். நேரடியாகத் தொடங்கினால் பின்பக்கம் சீக்கிரம் நிறைந்து, முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஆகவே முதலில் முன் மூலைகள் இரண்டில் மட்டும் சில சுற்றுகள் போட்டு, மிச்ச இடத்தை நேரான செவ்வகமாக்கிவிட்டு, அப்புறம்தான் நான்கு மூலையும் சுற்ற ஆரம்பிப்பார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இழுவிசை வேண்டும். ஒரு சுற்று தளர்ந்தால் அந்த இடம் முதலில் பள்ளமாகும். எவ்வளவு இறுக்கம் என்பதை பின்னுபவரின் தோள்தான் அறியும். இன்றுவரை இந்த வேலையை ஆட்கள்தான் செய்கிறார்கள்.

இவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்றும் கேட்கலாம். டென்மார்க்கில் தச்சு கற்பது ஏறக்குறைய நான்கு ஆண்டுப் பயிற்சி. கொஞ்ச நாள் தொழிற்பள்ளி, கொஞ்ச நாள் பட்டறை என்று மாறி மாறிப் போகும். கடைசியில் தானே ஒரு சாமானைச் செய்து தேர்வாளர்களிடம் காட்டித் தேற வேண்டும். கார்ல் ஹான்சன் தொழிற்சாலையிலும் பயிற்சித் தச்சர்கள் இருக்கிறார்கள். ஒரு பாரம்பரியம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் உளி பிடிக்கச் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

மக்கள் நாற்காலியும் விலைப்பட்டியலும்

எல்லாம் சரி, குறை சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இந்தத் தலைமுறையின் கனவு சாதாரணக் குடும்பத்துக்கும் நல்ல சாமான் என்பதுதான். வெக்னரின் நண்பர் போர்கே மோகன்சன் 1942 முதல் டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பில் மரச்சாமான் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அங்கே 1947-இல் அவர் வடிவமைத்த ஜே 39 நாற்காலிக்கு மக்கள் நாற்காலி என்றே பெயர். நேரான கால்கள், அகலமான ஒரு முதுகுப் பலகை, இதே காகிதக் கயிறு. தொழிலாளி வீட்டுச் சமையலறைக்காகச் செய்தது. இன்று அந்த நாற்காலியும் சரி, ஒய் நாற்காலியும் சரி, ஒன்று பல பத்தாயிரம் ரூபாய். கூலி உயர்ந்த நாட்டில் நூறு படி கைவேலைக்கு அந்த விலை வராமல் இருக்காது. ஆனால் கனவு எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

அறுபதுகளின் கடைசியில் ரசனை பிளாஸ்டிக் பக்கமும் மலிவுச் சாமான் பக்கமும் திரும்பியது. டேனிஷ் என்ற பெயரில் தரம் குறைந்த நகல்களும் சந்தையில் பெருகியிருந்தன. சங்கக் கண்காட்சி 1966-ஓடு நின்றது. பட்டறைகள் பல மூடின. வட்ட நாற்காலி செய்த யோஹானஸ் ஹான்சன் பட்டறையும் பின்னாளில் மூடியது, அந்த நாற்காலியை இப்போது பிபி மோப்லர் என்ற பட்டறை செய்கிறது. கார்ல் ஹான்சன் தப்பிப் பிழைத்து, பிற்பாடு பழைய பட்டறை ஒன்றை அரவணைக்கவும் செய்தது. 1869-இல் தொடங்கிய ரூடோல்ஃப் ராஸ்முசன் என்ற கோபன்ஹேகன் பட்டறை 2011-இல் அதனுடன் இணைந்தது. கிளிண்டின் சாமான்களைச் செய்துவந்த இடம் அது. அப்படித்தான் 1933-இன் சஃபாரி நாற்காலி, கருவி எதுவும் இல்லாமல் கழற்றி மூட்டையாகக் கட்டக்கூடியது, இன்று ஒய் நாற்காலியின் அதே பட்டியலில் இருக்கிறது.

நகல் தொல்லை மட்டும் தீரவில்லை. ஒய் நாற்காலி ஜப்பானில் மிகப் பிரபலம், நகல்களும் அங்கே ஏராளம். அந்த நாற்காலியின் முப்பரிமாண வடிவத்தையே ஒரு வணிக முத்திரையாகப் பதிவு செய்யலாம் என்று 2011-இல் ஜப்பானின் அறிவுசார் சொத்துரிமை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பார்த்த உடனே செய்தவர் யார் என்று மக்களுக்குத் தெரிகிறது என்பது வாதம்.

நகலையும் அசலையும் பிரிக்க முத்திரையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மேல் கட்டை ஒரே துண்டாக வளைந்திருக்கிறதா, துண்டுகளை ஒட்டியதா என்று ரேகையைப் பின்தொடர்ந்து பாருங்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் பின்னலின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைப் போலவே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரலை ஓட்டிப் பாருங்கள். காசை மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் கை வைப்பது அந்த மாதிரி இடங்களில்தான்.

ஒருவேளை யாராவது வாங்கியிருந்தால், அல்லது பழையது ஒன்று கைக்கு வந்தால், பராமரிப்பு பெரிய வித்தையில்லை. பல ஓக் நாற்காலிகளுக்கு வார்னிஷ் போட்டிருக்க மாட்டார்கள், சோப்பு பூசியிருப்பார்கள். இயற்கைச் சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்துத் துணியால் தடவி, ஆறவிட்டுத் துடைப்பது டென்மார்க்கின் பழைய முறை. மரம் மஞ்சள் பாரிக்காமல் வெளிறிய நிறத்திலேயே இருக்கும். கறை பட்டால் மறுபடி அதே சோப்பு, ரேகை எழும்பினால் லேசாக உப்புத்தாள். எண்ணெய் பூசிய நாற்காலிக்கு எண்ணெய்தான், இரண்டையும் கலக்கக் கூடாது. ஈரக்காற்று அதிகமுள்ள ஊரில் ஏசி நேராக வீசும் இடத்தில் போடாதீர்கள், ஒரு பக்கம் வறண்டு மறுபக்கம் ஊறினால் மூட்டுக்கு ஆகாது. காகிதக் கயிற்றில் மெழுகு ஏறியிருப்பதால் தண்ணீர் சிந்தினால் உடனே ஒற்றி எடுத்துவிடலாம். ஊறவிட்டுத் தேய்த்தால் இழை பிரிந்துவிடும். இருக்கை பல பத்தாண்டுகள் தாங்கும். என்றாவது தளர்ந்து பள்ளம் விழுந்தால் நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டாம். பின்னலை அறுத்தெடுத்துவிட்டு, அதே சட்டத்தில் புதிதாக 120 மீட்டர் பின்னிக்கொள்ளலாம், இருக்கையைத் தனியாகக் கழற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.